அச்சணந்தி அடிகள் நடந்த மலைவழி

காட்பாடிச் சந்திப்பில் இறங்கித் திருவலம் வழியாகப் பொன்னையாற்றை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு, மேல்பாடிக்கு அருகில் வள்ளிமலை கண்ணில் படும். இன்று அம்மலை முருகன் திருத்தலமாகப் புகழ் பெற்று விளங்குகிறது. கிருத்திகை நாளில் படியேறும் அடியார் கூட்டம் பெரிது. அதே மலையில் இயற்கையாய் அமைந்த குகையும், முன்னோக்கிச் சரிந்து நிற்கும் பெரும் பாறைகளும் உள்ளன. அப்பாறைகளில் தீர்த்தங்கரர் திருமேனிகளும், யட்சியர் உருவங்களும், தவமுனிவர் சிலரின் வடிவங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அவ்வுருவங்களின் அடியில் வெட்டப்பட்ட எழுத்துகளில் ஒரு பெயர் இருமுறை வருகிறது. அப்பெயருக்குரியவர்தாம் தமிழ்நாட்டுச் சமணம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஆசாரியராகிய அச்சணந்தி அடிகள்.

அவருடைய வரலாற்றை உரைக்கும் ஏட்டுச்சுவடி ஒன்றும் இல்லை. கல்லே அவருடைய ஏடு. ஆதலால் அவர் வாழ்வை அறிய விரும்புவோர் நூலகத்துக்குச் செல்வதைக் காட்டிலும் மலையேறுவதே முறை. ஒருவர் வாழ்க்கையைப் படிக்க இத்தனை மலைகள் ஏற வேண்டியிருப்பது தமிழகத்தில் வேறு எவருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

வள்ளிமலையின் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் படித்து, 1896–97ஆம் ஆண்டுக்குரிய எபிகிராபியா இண்டிகா நான்காம் தொகுதியில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று மேலைக் கங்க மன்னன் இராசமல்லனைக் குறிப்பது. சிவமாரன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் இரணவிக்கிரமன், அவன் மகன் இராசமல்லன் என்று நான்கு தலைமுறைகளைச் சொல்லி, அம்மன்னன் இம்மலையைக் கைக்கொண்டு இங்கு ஒரு வசதியை, அதாவது ஜினாலயத்தை அமைத்தான் என்று அது கூறுகிறது. காலம் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையில் கன்னட அரசன் ஒருவன் கட்டிய பள்ளி அது. அங்குள்ள எழுத்துகளும் கன்னட மொழியிலேயே அமைந்தன. அக்காலத்து முனிவர்க்கு மொழியெல்லை பெரிய தடையாக இருந்ததில்லை.

ஆரியநந்தி என்னும் வடமொழிப் பெயர் பாகதத்தில் அஜ்ஜணந்தி என்றாகித் தமிழ் நாவில் அச்சணந்தி என்று குழைந்தது. வள்ளிமலையில் அஜ்ஜணந்தி பட்டாரர் என்று காணப்படும் பெயர், பாண்டிய நாட்டுப் பாறைகளில் வட்டெழுத்தில் அச்சணந்தி என்று காணப்படுகிறது. இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காலமும் செயலும் அக்கருத்துக்கு ஒத்தே நிற்கின்றன.

வள்ளிமலைக் கல்வெட்டு அவரைப் பாலசந்திர பட்டாரரின் மாணாக்கர் என்கிறது. தம் பெயரால் அவர் அங்குச் செய்வித்த உருவங்களுள் ஒன்று கோவர்த்தன பட்டாரர் என்னும் முனிவரின் உருவம். அருகிலேயே வேறொரு கல்வெட்டு, பாண அரசனுக்குக் குருவாயிருந்த பவணந்தி பட்டாரரின் மாணாக்கராகிய தேவசேனரின் உருவத்தைச் சுட்டுகிறது. தீர்த்தங்கரரை வணங்கும் இடத்தில் ஆசிரியரையும் கல்லில் நிறுத்தி, இன்னார்க்கு இன்னார் மாணாக்கர் என்று எழுதிவைத்தது கவனிக்கத்தக்கது. பிறந்த ஊர், குலம், தந்தை ஆகிய எதையும் சொல்லாத துறவிக்குக் குருவின் பெயரே முகவரி.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. ஆரியநந்தி என்ற பெயர் நந்தி வழியினரிடையே பலர்க்கு வழங்கியது. தவளா என்னும் பேருரையை இயற்றிய வீரசேனாசாரியரின் ஆசிரியர் பெயரும் ஆரியநந்தியே. ஆனால் அவர் சந்திரசேனரின் மாணாக்கர் ஆதலின் வேறானவர். திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில் சீவகனுக்குக் கல்வி கற்பிக்கும் ஆசானும் அச்சணந்தியே. விஞ்சையர் வேந்தராயிருந்து துறவு பூண்டு, யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்தி, பின்னர்ச் சீவகனுக்கு ஆசானாகிய அவர் காப்பிய மாந்தர். பாறையில் பெயர் பொறித்தவரை அவரோடு ஒன்றாக்கக் கூடாது. எனினும் நம் முன்னோர்க்கு அச்சணந்தி என்றவுடன் ஆசிரியர் என்ற எண்ணமே எழுந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வள்ளிமலையிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் ஏர்வாடி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இரண்டிடத்தும் அச்சணந்தியின் பெயர் உள்ளது. சமண முனிவர் ஊர்தி ஏறார்; காலணி அணியார். ஆகவே இந்த வழி முழுவதும் வெறுங்காலால் கடக்கப்பட்டது. கையில் மயிற்பீலியும் குண்டிகையும் அன்றி வேறு சுமை இல்லை. இந்த நடை எத்தகையது என்பதை ஆகமம் விதித்த ஈரியா சமிதியைக் கொண்டு அறியலாம். பகலில் மட்டுமே நடக்க வேண்டும். மக்களும் மாடும் முன்பே நடந்து பதிந்த வழியே செல்ல வேண்டும். கண்கள் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியிருக்க வேண்டும். பசும்புல்லையும் ஈரத்தையும் புற்றையும் விலக்கி அடிவைக்க வேண்டும். இவற்றைக் காட்டிலும் இன்றைய நமக்கு வியப்பளிப்பது மற்றொன்று: நடக்கும்போது நடையிலேயே கருத்து ஊன்றியிருக்க வேண்டும் என்பது. மறைநூல் ஓதுதலும் ஐயம் கேட்டலும் அமர்ந்த பின்னரே.

ஆகவே ஆசிரியரும் மாணாக்கரும் ஒன்றாக நடக்கும் வேளை மௌனமான வேளை. ஆனால் கல்வி நிகழாத வேளை அன்று. மண், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகியவை ஓரறிவுயிர். புழுவும் சிப்பியும் ஈரறிவுயிர். எறும்பும் கறையானும் மூவறிவுயிர். வண்டு நாலறிவுயிர் என்பதை ஒரு சிறுவன் மனப்பாடம் செய்துவிட முடியும். ஆனால் முன்னே செல்லும் ஆசிரியரின் பாதம் ஓரிடத்தில் சற்றே தயங்கி விலகுவதைக் கண்டு, அவ்விடத்தை உற்றுநோக்கி, அங்கு எறும்பு வரிசை ஊர்வதைக் காணும் மாணாக்கன் அதை வேறு வகையில் கற்கிறான். பாடம் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. நம் இல்லங்களில் இருட்டியபின் உண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுதலும் இப்படித்தான் குழந்தைகளுக்குச் சென்று சேர்ந்தன. விளக்கம் பின்னால் வந்தது, பழக்கம் முன்னால் வந்தது.

மழைக்காலம் வந்துவிட்டால் நடை நின்றுவிடும். ஈர நிலத்தில் உயிர்கள் பெருகுமாதலின் அத்திங்கள்களில் முனிவர் ஓரிடத்தில் தங்குவர். அதற்கு மலைக்குகையே ஏற்ற இடம். பாறையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டிவிட்டால் மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டிவிடும். தரையில் தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். அருகில் ஒரு சுனை. ஊரும் வெகு தொலைவில் இல்லை. உணவுக்குச் சென்று திரும்பும் தூரமே. நடந்து கண்டதை அமர்ந்து கேட்கும் இடம் இதுவே. துயிலிடம் என்றும் தவத்தோர் உறைவிடம் என்றும் பொருள்பட்ட பள்ளி என்ற சொல் கல்வி பயிலும் இடத்துக்கே பெயராகித் தமிழ்க் குழந்தைகள் யாவரும் இன்று பள்ளிக்குச் செல்வது தற்செயல் அன்று.

அச்சணந்தி வாழ்ந்த நாளில் வள்ளிமலையைச் சூழ்ந்த நாடு இத்தகைய பள்ளிகளால் நிறைந்திருந்தது. ஆர்க்காட்டுக்கு அருகே விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவர் மலையில், பல்லவன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகணந்தி குருவோடு பொன்னியக்கியாரின் உருவம் செதுக்கப்பட்டது. அதே ஊரில் பட்டினிக் குரத்தியார் என்னும் பெண்துறவி, பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில் கிணறு ஒன்றை வெட்டுவித்தார். ஆம்பூர்ப் பக்கத்து மலையம்பட்டின் அர்மாமலைக் குகையில் சமணர் தீட்டிய வண்ண ஓவியங்கள் மங்கியும் மங்காமலும் இன்றும் உள்ளன. வந்தவாசிக்கு அருகில் வேடலில் கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணாக்கியர் இருந்தனர் என்பது ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டால் அறியப்படுகிறது. அவர்களுக்கும் வேறு 400 பெண்துறவியர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தபோது ஊரார் முன்வந்து அம்மாணாக்கியரைக் காத்து உணவளிக்க ஒப்பினர். பள்ளிகள் பூசலே அறியாத இடங்களாக இருந்தன என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. பூசல் வந்தபோது ஊர் யார்பக்கம் நின்றது என்பதே பெரிது.

வடக்கே நிலை இவ்வாறிருக்க, பாண்டிய நாட்டில் நிலை வேறாக இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கம் எழுந்து, நின்றசீர் நெடுமாறன் சைவம் தழுவிய பின், மதுரையைச் சூழ்ந்த எட்டு மலைகள் என்று சொல்லப்பட்ட சமணத் தலங்கள் பொலிவிழந்தன. அரசின் ஆதரவு போனது. வணிகர் சிலர் விலகினர். ஒரு சமயத்தின் தொடர்ச்சி அறுந்துபோகக் கூடிய காலம் அது. எழுதிவைத்த நூல் அழியாது இருந்தாலும், ஓதுவிக்க ஆசிரியரும் ஓத மாணாக்கரும் இன்றி அது தானாகவே வாய் மூடிக்கொள்ளும்.

இச்சூழலில்தான் அச்சணந்தி அடிகளின் பெயர் மதுரை மலைகளில் தோன்றுகிறது. அவர் புதிய இடம் தேடவில்லை. அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகை, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம் என்று அவர் பெயர் காணப்படும் இடங்களில் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்படுக்கைகள் வெட்டப்பட்டிருந்தன. தமிழி எழுத்தில் கொடையாளர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அழகர்மலைக் குகையில் மட்டும் உப்பு வணிகர், பாணிதம் என்னும் பாகு விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், பொற்கொல்லர் எனப் பலர் பெயர் உண்டு. அரசன் அல்லர், சந்தைக்குச் செல்லும் மக்கள் செய்த கொடை அது. பிறகு அப்படுக்கைகள் ஆளின்றிக் கிடந்திருக்க வேண்டும். அச்சணந்தி அந்தப் பழைய இடங்களைத் தேடிச் சென்று, படுக்கைக்கு மேலேயும் அருகேயும் உள்ள பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செதுக்குவித்தார். பழைய முனிவர்க்கு உருவ வழிபாடு தேவைப்படவில்லை, படுக்கை போதுமாயிருந்தது. மக்கள் உள்ளம் கோயிலையும் திருவுருவையும் நாடத் தொடங்கிய காலத்தில் அவர் காலத்துக்கேற்ற வழியை மேற்கொண்டார். கோயில் எழுப்பப் பொன் வேண்டும், நிலம் வேண்டும், மன்னன் வேண்டும். பாறையில் ஓர் உருவம் செதுக்க ஒரு சிற்பியும் அவருக்குச் சில நாள் சோறும் போதும்.

யானைமலையில் நிகழ்ந்தது தனியே கூறத்தக்கது. அம்மலையின் அடியில் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770ஆம் ஆண்டளவில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்திருந்தார். அதே மலையின் மேலே, பாறைச் சரிவில், சமணத் திருமேனிகள் வரிசையாக அமைந்தன. அவற்றில் அச்சணந்தியின் பெயரும் உண்டு. அத்திருமேனிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றோர் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் நரசிங்கமங்கலத்துச் சபையாரும் உளர். கீழே தம் பெருமாளை வணங்கிய ஊரவை மேலே அருகதேவரின் உருவத்துக்குக் காவல் நின்றது. கழுவேற்றக் கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்தோர் இக்கல்வெட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். ஊர் ஊராக நடந்து செல்பவர் ஊராரோடு பகை கொண்டு வாழ இயலாது. நாளுக்கொரு வேளை, ஏதோவொரு வீட்டு வாயிலில் நின்று கையில் உணவேற்கும் முனிவர் அவ்வூரின் நல்லெண்ணத்தையே நம்பி வாழ்கிறார்.

இனி, அடிகளின் வாழ்வில் நெஞ்சைத் தொடும் இடம் ஒன்று உண்டு. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை உள்ளது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் கருப்பசாமி கோயிலும். சிறிது ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் ஒரு சுனையும், அதன் மேல் பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகளும் காணலாம். அவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார் என்னும் பெண்மணி. அவர் அச்சணந்தியின் தாயார் என்று கல்வெட்டே கூறுகிறது. வள்ளிமலையில் குருவின் பெயரால் அறியப்பட்டவர் இங்கே தாயின் வழியாகவும் அறியப்படுகிறார். துறவு பூண்டவர்க்கு இல்லத்து உறவு அற்றுவிடுகிறது. முனிவர் தம் தாயையும் ஏனைய சிராவகியரோடு ஒப்பவே நோக்குவார். ஆனால் தாய்க்கு அப்படியொரு விதி இல்லை. மகனை விலக்கி நிறுத்தவும் அவரால் இயலாது, திரும்ப அழைக்கவும் இயலாது. குணமதியார் செய்தது மூன்றாவது வழி. மகன் செய்துவந்த பணியையே தாமும் செய்தார். அவன் மலைகள்தோறும் நிறுவியதைப் போல ஒரு திருமேனியைத் தம் கொடையாக நிறுவினார். கல்லில் தம் பெயரை வெட்டச் செய்தபோது தம்மை இன்னார் மகள் என்றோ இன்னார் மனைவி என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. பற்றை விடுதல் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல; பற்றை அறமாக மாற்றியதற்கு இந்த ஒரு வரி சான்று.

அங்கிருந்து தெற்கும் மேற்குமாக அடிகளின் பெயர் விரிகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலில் உத்தமபாளையத்துப் பாறையில் அவர் பெயரும், அட்டோபவாசி கனகவீரரின் மாணாக்கரான அரிட்டநேமிப் பெரியாரின் பெயரும் உள்ளன. பழனிக்கு அருகில் ஐவர்மலையின் நீண்ட பாறைமுகத்திலும் அச்சணந்தி பெயர் உண்டு. அம்மலையில்தான் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டில், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவ பகவானின் திருமேனியையும் யட்சியர் உருவையும் புதுப்பித்தார். வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைக்கப்பட்டது. ஒரே ஒரு முனிவர்க்கு நாள்தோறும் சோறு தவறக்கூடாது என்பதற்காக இத்தனை பொன். சமணம் தெற்கே மீண்டும் வேர்கொண்டதை இந்தத் தொகை காட்டுகிறது. ஏர்வாடியில் இரட்டைப்பொத்தை என்னும் பாறையிலும், குமரிமாவட்டத்துச் சிதறால் மலையிலும் அவர் பெயரைக் காண்கிறோம். அதற்கப்பால் நிலம் விரைவில் கடலில் முடிகிறது.

வழிநெடுக அவர் கட்டளையிட்டுச் செய்வித்த உருவங்களில் பெரும்பாலானவை அளவில் சிறியவை. கழுகுமலையில் ஒரே பாறையில் பலர் கொடுத்துச் செய்வித்த திருமேனிகளின் பொலிவோடு இவற்றை ஒப்பிட்டால் எளியவை என்றே தோன்றும். அவருக்கு வேண்டியது அவ்வளவே. வழிப்போக்கராக வரும் அடுத்த முனிவர், இங்கே நம்மவர் தங்கினர் என்று அறிந்து, குண்டிகையை இறக்கி வைத்து இளைப்பாற ஓர் அடையாளம்.

கல்வெட்டுத் துறையினர் படிகளெடுத்துப் படித்த பின்னரும் நெடுங்காலம் இம்மலைகளுக்குச் செல்வோர் சிலராகவே இருந்தனர். கல்லுடைப்போர் பலராக இருந்தனர். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்று மலையைக் காத்தனர். அதையொட்டி மதுரையில் தோன்றிய பசுமை நடை என்னும் குழு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பொதுமக்களையும் குழந்தைகளையும் இந்த மலைகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியது. பாறை நிழலில் எல்லோரும் அமர்ந்த பின் தொல்லியல் அறிஞர் எழுந்து எழுத்துகளைப் படித்துப் பொருள் சொல்வார். தமிழ்ச் சமணரிடையே தொடங்கிய அகிம்சை நடையும் அவ்வாறே ஊர்தோறும் உள்ள பழம்பள்ளிகளையும் குகைகளையும் நாடிச் சென்றுவருகிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்து நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அச்சணந்தி என்ற பெயரை முதலில் வாசித்தது இத்தகைய நடைகளில்தான். வட்டெழுத்து அவர்களுக்கு முதலில் புள்ளியும் வளைவுமாகவே தோன்றும். ஓர் எழுத்தைக் காட்டி அடுத்த எழுத்தை அவர்களே கண்டுபிடிக்கவிட்டால், மூன்றாவது பாறைக்கு வரும்போது அச்சணந்தி என்னும் பெயரை விரல்வைத்துத் தாமே படித்துவிடுகிறார்கள்.